வெள்ளவத்தையில் ஒரு மேசை பிறந்த கதை

வெள்ளிக்கிழமை மாலை மயூரபதி அம்மன் கோயிலில் பூசை முடியும் நேரத்துக்கு வெள்ளவத்தைச் சைவ உணவகங்களில் மேசை கிடைப்பது கஷ்டம். வாசலில் குடும்பங்கள் காத்து நிற்கும். நெற்றியில் திருநீறு கலையாத அப்பா, பட்டுப் பாவாடையோடு கண் சொருகும் குழந்தை, ரொறன்ரோவிலிருந்து லீவில் வந்திருக்கும் சித்தி, முழங்கால் வருத்தம் இருந்தும் வரமாட்டேன் என்று சொல்லாத அம்மம்மா. உள்ளே ஏ.சி. ஓடும். மேசை துடைத்துப் பளபளவென்றிருக்கும். நெய்த்தோசை குழந்தையின் கை நீளத்துக்குச் சுருண்டு வரும். பில் வரும்போது அப்பாவின் முகம் மாறாது. இடமும் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும், காசும் கையைக் கடிக்கக் கூடாது என்ற இரண்டு ஆசையும் ஒரே இடத்தில் நிறைவேறுகிற சந்தோஷம் அது.

இந்தக் காட்சி காலம் காலமாக இருந்துவந்ததுபோலத் தோன்றும். ஆனால் கொழும்புத் தமிழரின் வாழ்க்கையில் மிகப் பிந்தி வந்த காட்சி இது. நம்மவர்கள் இந்த நகரத்தில் காசு கொடுத்துச் சாப்பிடத் தொடங்கி எத்தனையோ தலைமுறை கடந்த பிறகுதான் அம்மம்மாவுக்கும் குழந்தைக்கும் அங்கே கதிரை கிடைத்தது. பசி எல்லா ஊரிலும் இருக்கிறது, எல்லா ஊரிலும் உணவகம் பிறந்துவிடுவதில்லை. அடுப்பை வேறெங்கோ விட்டுவிட்டு வந்தவர்கள் கூட்டமாக ஓரிடத்தில் வாழ நேரும்போதுதான் அது பிறக்கிறது என்பது என் எண்ணம். கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் அப்படிப்பட்டவர்கள் இரண்டு தடவை வந்தார்கள். முதல் தடவை வேலை தேடி வந்தார்கள். இரண்டாம் தடவை உயிரைக் காத்துக்கொள்ள வந்தார்கள்.

பிற நகரங்களிலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. பாரிஸில் 1760களில் வலுவூட்டும் இறைச்சிச் சாறு விற்ற சில கடைகளில்தான் தனித் தனி மேசை, விரும்பிய நேரத்தில் விரும்பியதைக் கேட்டு வாங்கும் வசதி எல்லாம் தொடங்கின. அதற்கு முன் சத்திரத்துப் பொது மேசையில், சத்திரக்காரன் சொல்லும் நேரத்தில், அவன் வைப்பதைச் சாப்பிட வேண்டும். புதிய கடைகளின் விலை உயர்ந்தோருக்கானது. 1850களில் பியர் லூயி டுவால் என்ற இறைச்சி வியாபாரி அதை மாற்றினார். சாறும் வேகவைத்த இறைச்சியும் குறைந்த, குறித்த விலையில் கொடுத்தார். ஆனால் மேசை சலவைக்கல், பரிமாறுபவர்கள் வெள்ளை உடுப்பு, கூடம் விசாலம். ஏழை எளியவருக்கென்று எதையும் அவர் அசிங்கமாக வைக்கவில்லை. 1894 இல் லண்டன் பிக்கடில்லியில் முதல் கடையைத் திறந்த லயன்ஸ் தேநீர்க் கடைகள் இன்னொரு படி மேலே போயின. அலுவலகங்களில் வேலைக்குச் சேர்ந்துகொண்டிருந்த பெண்கள் ஆண் துணையில்லாமல் வந்து உட்கார்ந்து, ஒருவர் கண்ணுக்கும் கூசாமல் சாப்பிட்டுப் போக அங்கே முடிந்தது. இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டு கொழும்புக்கு வருவோம்.

கொழும்பில் அந்தக் காலத்தில் அழகான உணவுக் கூடங்கள் இல்லாமல் இல்லை. காலிமுகத்திடல் ஹோட்டல் 1864 இல் வந்தது. துறைமுகத்துக்கு எதிரே கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டல் 1875 இல் வந்தது. ரஷ்ய எழுத்தாளர் செக்கோவ் 1890 இல் கப்பல் இறங்கித் தங்கியது அங்கேதான். அவை வெள்ளைக்காரத் துரைமாருக்கும் கப்பற் பயணிகளுக்குமானவை. அதே 1875 இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் வைத்த அலைதடுப்புச் சுவர் பத்து வருடத்தில் கட்டி முடிந்ததும் கப்பல்கள் காலித் துறைமுகத்தை விட்டுக் கொழும்புக்கு வரத் தொடங்கின. நமது கதை அந்த ஹோட்டல்களின் மாடியில் இல்லை. அவற்றின் முதுகுப்புறத்தில், துறைமுகத்திலிருந்து கொச்சிக்கடை வழியாகக் கொட்டாஞ்சேனைக்கு ஏறுகிற தெருக்களில் தொடங்குகிறது.

அங்கே மூட்டை தூக்கவும் நிலக்கரி ஏற்றவும் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள். செட்டியார் தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டிமார் இருந்தார்கள். அவர்கள் மனைவி மக்களைச் செட்டிநாட்டில் விட்டுவிட்டு, முறை வைத்து வந்து, கிட்டங்கிகளில் ஒன்றாகத் தங்கி, ஒரே சமையற்காரர் சமைத்ததைச் சாப்பிட்டுக் கணக்கு எழுதியவர்கள். பொன்னம்பல முதலியார் 1857 இல் கட்டிய பொன்னம்பலவாணேசுவரர் கோயில் பக்கத்திலேயே இருந்தது. பிறகு சேர் பொன்னம்பலம் இராமநாதன் அதைக் கருங்கல்லில் எழுப்பினார். கோயிலும் துறைமுகமும் மொத்த வியாபாரமும் இவ்வளவு நெருக்கமாக இருந்தால் சைவச் சாப்பாட்டுக் கடை வராமல் இருக்குமா? கொழும்புத் தமிழரின் கடைச் சாப்பாடு முதலில் கொட்டாஞ்சேனைப் பக்கத்தில்தான் வேர் விட்டது. ஆண்கள், ஆண்களுக்காகச் சமைத்து, ஆண்களுக்குப் பரிமாறிய சாப்பாடு.

1905 இல் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையில் ரயில் முழுத் தூரமும் ஓடத் தொடங்கியது. கடல் வழியாகவோ வன்னிக் காடு கடந்தோ வந்த பயணம் ஓர் இரவுக்குள் அடங்கியது. மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்த இளைஞர்கள் கிளறிக்கல் பரீட்சை எழுதி, அரசாங்க உத்தியோகம் கிடைத்து, டிரங்குப் பெட்டியோடு கோட்டை ஸ்டேசனில் இறங்கினார்கள். மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் மணியோடராக ஊருக்குப் போய்விடும். தங்கைக்குச் சீதனம், தம்பிக்குப் படிப்பு, வீட்டுக்கு ஓடு. மிச்சத்தில் அவர்கள் வாழ்ந்த இடந்தான் சமறி. ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒரு குசினிக்காரரை வைத்து, செலவைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். கரையோர ரயில் 1877 இலேயே வந்துவிட்டதால் வெள்ளவத்தையும் பம்பலப்பிட்டியும் சமறிகளுக்கு வசதி. காலையில் ரயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கோட்டை. குசினிக்காரர் ஊருக்குப் போன நாளில், சம்பளம் எடுத்த நாளில், சினேகிதன் வந்த நாளில் காலி வீதிச் சைவக் கடை.

அந்தக் கடைகளை நடத்தவும் அவற்றில் சமைக்கவும் ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கு இன்னொரு ரயில் பதில் சொல்கிறது. 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் ஓடத் தொடங்கி, சென்னையில் ஏறியவர் போட் மெயிலில் கொழும்பில் வந்து இறங்கலாம் என்ற நிலை வந்தது. தோசைக்கல்லின் சூடு தெரிந்தவர்கள், காப்பிக் கொட்டை வறுக்கத் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் கன்னடக் கரையிலிருந்தும் வந்தார்கள். வெள்ளவத்தை நெசவாலையில் வேலை செய்தவர்களும் பெரும்பாலும் தென்னிந்தியரே. ஆகவே சாப்பிடுகிறவரும் சமைக்கிறவரும் பரிமாறுகிறவரும் ஒரே நிலையில் இருந்தார்கள். எல்லாருக்கும் அடுப்பு வேறு ஊரில்.

இதே காலத்தில் சென்னையிலும் இப்படி உணவகங்கள் பிறந்துகொண்டிருந்தன. உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்து, கடையில் எடுபிடி வேலையில் தொடங்கிய கே. கிருஷ்ணராவ் 1938 இல் ராயப்பேட்டையில் ஒரு பெரிய பங்களாவை எடுத்து உட்லண்ட்ஸ் ஹோட்டலைத் தொடங்கினார். தோட்டமும் மரங்களும் உள்ள இடத்தில் இட்லி தோசை கிடைக்கும் என்ற எண்ணமே அன்று புதுசு. கொழும்புக்கும் சென்னைக்கும் கொடுக்கல் வாங்கல் ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இளமையில் கொழும்பில் இருந்து பார்த்துத் திரும்பிய ஏ. எம். புஹாரி 1951 இல் மவுண்ட் ரோட்டில் தொடங்கிய உணவகத்தில்தான், 1965 இல் ‘சிக்கன் 65’ பிறந்தது என்று அந்தக் கடை சொல்லிக்கொள்கிறது.

காலி வீதியில் பம்பலப்பிட்டிச் சரஸ்வதி லொட்ஜ் என்று பெயர் சொன்னால் பழைய கொழும்பர் எவரும் ஒரு நிமிசம் நின்று பேசுவார்கள். ஷ்ரப்பரி கார்டன்ஸில் உள்ள கிறீன்லண்ட்ஸ் என்றாலும் அப்படித்தான். அந்தத் தலைமுறைச் சைவக் கடையின் முறை தனி. உட்கார்ந்தவுடன் கேளாமலே ஒரு தட்டு நிறைய உழுந்து வடை, கடலை வடை, போண்டா மேசைக்கு வரும். சாப்பிட்டதற்கு மட்டும் காசு, மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். கணக்குக்கு ஆதாரம் பரிமாறுபவரின் கண்ணும் சாப்பிட்டவரின் நாணயமும். சாம்பாரும் சட்னியும் வாளியில் வந்துகொண்டே இருக்கும். மதியம் வாழையிலையில் சோறு. குழம்பு, ரசம், மோர் என்று மறுபடி மறுபடி. கெஷியர் மேசைக்குப் பின்னால் மாலை போட்ட லக்ஷ்மி படமும் ஊதுபத்தியும். இலையில் சோறு விழுந்த வேகத்தில் சாப்பிட்டு எழும்ப வேண்டும், பின்னால் ஆள் நிற்பார். பேச்சுக்கு நேரம் இல்லை. பெண்கள் மிகக் குறைவு. வந்தாலும் பலகை மறைப்புக்குப் பின்னால் இருந்த ஃபமிலி ரூமில், கணவனோடு, அவசரமாக ஒரு கோப்பி. அந்த மறைப்பைச் சிலர் மரியாதை என்று சொல்வார்கள். எனக்கு அதில் மரியாதை தெரியவில்லை. இடம் உனக்கானதல்ல என்று மெதுவாகச் சொல்லும் முறை அது.

இடம் யாருக்கானது என்ற கேள்வியை இங்கே கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். கொழும்பில் அந்தக் கடைகள் செய்த ஒரு பெரிய காரியத்தை ஒருவரும் பெரிதாகச் சொல்வதில்லை. காசு கொடுத்த எவரும் எந்த வாங்கிலும் உட்காரலாம், பக்கத்தில் இருப்பவன் எந்தக் குறிச்சி, எந்தச் சாதி என்று கேட்க வழியில்லை. யாழ்ப்பாணத்தில் அதே காலத்தில் நிலைமை வேறு. ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் தேநீர்க் கடைக்குள் இடமில்லை. வெளியில் நின்று, வேறு பாத்திரத்தில் வாங்கிக் குடிக்க வேண்டும். 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தும் கடைக் கதவு சட்டத்துக்குத் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்ட ஊர்வலத்தைப் பொலிசார் தாக்கினார்கள். அதன் பின்னர் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் தோன்றி, கோயில் வாசலுக்காகவும் தேநீர்க் கடை வாங்குக்காகவும் போராடியது. ஆட்கள் அடிபட்டார்கள், உயிரும் போனது. ஒரு கிளாஸ் பிளேன்டியை உள்ளே உட்கார்ந்து குடிப்பதற்காக. ஊரில் அந்த வாங்கு மறுக்கப்பட்ட மனிதன் அதே வாரத்தில் கொழும்பில், ஊரில் தன்னை வெளியில் நிறுத்தியவனுக்கு அருகிலேயே அமர்ந்து தோசை சாப்பிட்டிருக்கக்கூடும். இருவரும் ஒருவரையொருவர் அறியாமலே. கொழும்பின் முகமறியாத தன்மையைக் குறை சொல்லிப் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகு சமையற்கட்டுக்குப் பின்னால் பெரிய மாற்றம் நடந்தது. ஏற்கெனவே 1930களில் ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கம் மலையாளத் தொழிலாளருக்கு எதிராகப் பிரசாரம் செய்திருந்தது. 1948 இன் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 3,00,000 பேரை இங்கே வைத்துக்கொள்வதென்றும் கணக்குப் போட்டது. அதே வருடம் டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. போட் மெயிலின் பழைய பாதை முடிந்தது. இந்தியாவிலிருந்து சமையற்காரர் சுலபமாக வந்துபோன காலமும் போயிற்று. அவர்கள் இடத்தில் மலையகத்து இளைஞர்கள் வந்தார்கள். ஹற்றன், பதுளை, இரத்தினபுரித் தோட்டங்களின் லயன் அறைகளிலிருந்து வந்து, கடைக்குப் பின்னாலோ மேல்மாடியிலோ படுத்து, தீபாவளிக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் மட்டும் ஊருக்குப் போனவர்கள். இன்றும் வெள்ளவத்தையில் தோசை வார்க்கும் கையைக் கேட்டுப் பாருங்கள். அநேகமாக ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெயரைச் சொல்லும். இந்தக் கதையில் அடுப்பை விட்டு வந்தவர்களில் திரும்பிப் போய் அடுப்பு மூட்ட வசதி மிகக் குறைவாகக் கிடைத்தவர்கள் அவர்களே.

வெள்ளவத்தை இதற்குள் தமிழர் ஊராகிவிட்டது. இராமகிருஷ்ண மிஷன், 1942 இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம், சைவப் பாடசாலைகள், கோயில்கள். 1956 இல் யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கியது. உத்தியோகத்தர் கலியாணம் முடித்துக் குடும்பத்தைக் கூட்டிவந்தார்கள். குடும்பம் வந்தால் குசினியும் வந்துவிடும். ஊரிலிருந்து வருகிறவர்கள் புழுக்கொடியலும் பனங்கட்டியும் மோர்மிளகாயும் கட்டிக்கொண்டு வருவார்கள். இடியப்ப உரல் வீட்டில் இருக்கும்போது கடையில் போய் இடியப்பம் தின்பது வீட்டுக்காரிக்குக் குறைவு. அதனால்தான் குடும்பங்கள் நிறைந்த அந்த வருடங்களில்கூடக் குடும்ப உணவகம் பிறக்கவில்லை.

1958, 1977, 1983. தமிழருக்கு எதிரான கலவரங்கள் நடந்த இந்த வருடங்களை விரிக்க இந்தக் கட்டுரை போதாது. 1983 ஜூலை 25 காலை காலி வீதி எரிந்தது. வெள்ளவத்தையில் வீடுகளும் கடைகளும், புறக்கோட்டையில் தமிழர் கடைகள் வரிசை வரிசையாக. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும் இரத்மலானை விமான நிலையக் கொட்டகையிலும் கிடந்த மக்கள் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனார்கள். அங்கிருந்து பலர் லண்டன், பாரிஸ், ரொறன்ரோ. கொழும்பில் தமிழர் கடைப்பலகை எழுதுவதே துணிச்சலான காரியமாயிற்று. அதன் பிறகும் மீண்டும் அதே வீதியில் கல் வைத்துத் தோசை வார்த்தவர்களை நான் வணங்குகிறேன். காப்புறுதி போதாது, பயம் போகவில்லை, ஆனாலும் கடை திறந்தார்கள்.

பிறகு இரண்டாவது கூட்டம் வந்தது. போரினால் 1990 இல் வடக்கு ரயில் நின்றது. 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் ஓரிரவில் ஊரை விட்டு எழும்பினார்கள். வன்னி வழியாகவும் திருகோணமலைக் கப்பலிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொழும்புக்கு வந்தவர்கள் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் லொட்ஜுகளில் தங்கினார்கள். பாஸ்போட்டுக்கு, விசாவுக்கு, ஏஜென்சிக்காரனின் தொலைபேசிக்கு, வெளிநாட்டு மாப்பிள்ளையின் ஸ்பொன்சர் கடிதத்துக்கு, காணாமற்போன பிள்ளை பற்றிய செய்திக்குக் காத்திருந்தவர்கள். பொலிஸ் பதிவு, அடையாள அட்டை, இரவுச் சோதனை. லொட்ஜ் அறையில் இரண்டு கட்டில், ஒரு மின்விசிறி. சமைக்க அனுமதி இல்லை.

சமறி இளைஞனுக்கு ஊரில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. லொட்ஜில் இருந்த தாய்க்கு அந்த ஆறுதல்கூட இல்லை, அடுப்பிருந்த வீடே செல்லடியில் போயிருக்கலாம். இந்தத் தடவை வந்தவர்கள் தனி ஆண்கள் மட்டுமல்லர். தாய்மார், கலியாணத்துக்கு நிற்கும் பெண்கள், கிழவர்கள், சின்னப் பிள்ளைகள் எல்லாரும் மூன்று வேளையும் கடைச் சாப்பாட்டில் வாழ வேண்டியிருந்தது. முதன்முறையாகத் தமிழ்ப் பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கொழும்புச் சாப்பாட்டுக் கடைக்குள் வந்தார்கள். ஃபமிலி ரூம் கொள்ளுமா? மறைப்பு தானாகவே போயிற்று. காலையில் இடியப்பமும் சொதியும், மதியம் சோற்றுப் பார்சல், இரவில் புட்டு என்று வீட்டுச் சாப்பாட்டைக் கடைகள் பழகிக்கொண்டதும் இந்தக் கூட்டத்துக்காகத்தான். இந்த உணவகங்களின் உண்மையான பிறப்பு இங்கேதான் என்று நான் நினைக்கிறேன், ஏ.சி. போட்ட நாளில் அல்ல.

அந்த வாழ்க்கை எவ்வளவு நிலையற்றது என்பதற்கு 2007 ஜூன் 7 சாட்சி. அன்று அதிகாலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர்களைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். கொழும்பில் இருக்கத் தகுந்த காரணம் இல்லையாம். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அந்தக் காலையிலும் தெருவோரக் கடைகளில் இடியப்பம் அவிந்திருக்கும், வழக்கமாகச் சாப்பிட வருகிறவர்களைக் காணாமல் கடைக்காரர்கள் திகைத்திருப்பார்கள்.

மேசை அழகானது இந்த வருடங்களில் வேகமாக நடந்தது. வெளிநாட்டுக்குப் போனவர்கள் அனுப்பிய காசில் வெள்ளவத்தையின் பழைய ஓட்டு வீடுகள் இடிந்து அடுக்குமாடிகள் எழும்பின. 2002 இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்ததும், பிறகு 2009 இல் போர் முடிந்ததும், புலம்பெயர்ந்தவர்கள் கோடை விடுமுறைக்கு வந்தார்கள். ஸ்கார்பரோவில் வளர்ந்த பிள்ளைக்குச் சுத்தமான கழிவறையும் படம் போட்ட மெனுவும் வேண்டும். லண்டன் மாமாவுக்குப் பத்துப் பேரை அழைத்து விருந்து வைக்க ஓர் இடம் வேண்டும். ஃபிளாட்டில் இருபது பேருக்குச் சமைக்க முடியாது. வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் வேலை செய்யும் மருமகளுக்கு மாலை ஆறு மணிக்கு மேல் உரலும் அம்மியும் முடியாது, முடிய வேண்டியதுமில்லை. இராமகிருஷ்ண வீதியில் சண்முகாஸ் போன்ற உணவகங்கள் இந்தத் தேவைக்குப் பதிலாக வந்தவை. தோசையோடு பன்னீரும் நானும், மேசையில் துணி, சீருடையில் பரிமாறுபவர், கைகழுவ வரிசையில்லாத இடம். பிறந்தநாள், பரீட்சை முடிவு, பெண் பார்க்க இரு வீட்டாரும் முதன்முதல் சந்திப்பது எல்லாம் அங்கே. சென்னையில் 1981 இல் கே. கே. நகரில் பி. ராஜகோபால் தொடங்கிய சரவண பவன் உலகம் முழுதும் பரப்பிய வடிவத்தின் சாயலும் இதில் உண்டு, மறுக்க வேண்டியதில்லை.

என் மனதுக்கு நெருக்கமானது இதற்கடுத்த கட்டம். யாழ்ப்பாணச் சாப்பாடு, அதுவும் மச்சச் சாப்பாடு, கடைக்கு வந்ததுதான் எல்லாவற்றிலும் கடைசி. நண்டுக் கறியும் கணவாய்ப் பிரட்டலும் ஒடியற்கூழும் காசுக்கு விற்கிற பொருளாக எவருக்கும் தோன்றியதில்லை. கூழைப் பாருங்கள். ஒடியல் மா, நண்டு, இறால், மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை, புளி, அரைத்த செத்தல் மிளகாய் எல்லாம் ஒரே பானையில். முற்றத்தில் வைத்து, சொந்தம் சுற்றம் கூடி, பனையோலைப் பிளாவில் வாங்கிக் குடிப்பது. முற்றமும் பனையும் சுற்றமும் இல்லாத இடத்தில்தான் அதற்கு விலை போட முடியும். கொள்ளுப்பிட்டி ரேணுகா ஹோட்டலின் பல்மைரா உணவகம் யாழ்ப்பாண நண்டைக் கொழும்பின் நாகரிக மேசைக்குக் கொண்டுவந்த இடங்களில் ஒன்று. வெள்ளவத்தையில் கடலோரமாக மரைன் டிரைவ் பக்கத்தில் யாழ் உணவகம் கூழையே மெனுவில் எழுதியது. 2011 இல் கோட்டைப் பழைய ஒல்லாந்தர் ஆஸ்பத்திரியில் மஹேல ஜயவர்தன, குமார் சங்கக்கார ஆகியோரோடு தர்ஷன் முனிதாச திறந்த மினிஸ்ட்ரி ஒஃப் கிராப், சிங்கப்பூருக்குப் போய்க்கொண்டிருந்த இலங்கை நண்டை உலகப் புகழாக்கியது. ஆனால் அதன் விலையில் நமது அம்மம்மா ஒரு காலும் சாப்பிடச் சம்மதிக்க மாட்டார். வெள்ளவத்தை மேசையின் பெருமை, அதே நண்டை அவர் சம்மதிக்கும் விலையில் வைத்திருப்பது.

கொட்டாஞ்சேனை இவ்வளவு மினுக்கம் கொள்ளவில்லை. ஜம்பட்டா வீதிப் பக்கம் இன்றும் சைவக் கடை, முஸ்லிம் ஹோட்டலின் புரியாணி, இரவு கொத்துரொட்டியின் தகரச் சத்தம் எல்லாம் ஒரே நெருக்கத்தில். தட்டில் லஞ்ச் சீட் விரித்துச் சோறு போடும் கடைகள். சாப்பிட்டு முடிந்ததும் சீட்டைச் சுருட்டி எறிந்தால் தட்டு கழுவின மாதிரி. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தபோது இந்தத் தெருக்கள் செத்துக் கிடந்தன. அதே காலை பெரிய ஹோட்டல்களில் காலைச் சாப்பாட்டுக்கு இருந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். அந்த வருடம் முழுவதும் கொழும்பில் ஒருவருக்கும் கூட்டமான இடத்தில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

2022 இல் பொருளாதார நெருக்கடியில் நகரத்தில் எல்லாருக்குமே அடுப்பு இல்லாமற்போனது. 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாய்க்கு வாங்கிய 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாய். அதுவும் வரிசையில் நாட்கணக்கில் நின்றால்தான். அடுக்குமாடிகளில் விறகு எரிக்க வழியில்லை. உணவகங்கள் பின்முற்றத்தில் விறகடுப்பு மூட்டின, மெனுவைச் சுருக்கின, சில மூடின. திறந்திருந்த கடைகளில் பார்சலுக்கு நின்ற வரிசை மாடிகளிலிருந்து இறங்கி வந்த குடும்பங்களுடையது. விலை அன்று ஏறியது ஏறியதுதான். நடுத்தர விலை என்பது எது என்று ஒவ்வொரு குடும்பமும் புதிதாகக் கணக்குப் போட்டது. வாராவாரம் போனவர்கள் மாதம் ஒரு தரம் போகிறார்கள், அந்த ஒரு தரத்தைக் கைவிடவில்லை.

இந்தக் கதையில் பெரும்பகுதி எழுத்தில் இல்லை. முதலாளிமாரின் பெயர் பலகையிலாவது இருந்தது, தோசைக்கல்லுக்கு முன் நின்றவர்களின் பெயர் எங்கும் இல்லை. 1983 இல் இருபது வயதில் பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் இப்போது அறுபதைத் தாண்டியவர்கள். ஹற்றனிலோ யாழ்ப்பாணத்திலோ பேரப்பிள்ளைகளோடு இருப்பார்கள். 2005 இலிருந்து நூலகம் நிறுவனம் ஈழத்துப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் சேர்த்து வருகிறது. உங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு பழைய சைவக் கடை பில், ஒரு மெனு அட்டை, காலி வீதிக் கடை வாசலில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், சமறியின் மாதக் கணக்குக் கொப்பி இருந்தால் எறிந்துவிடாமல் அவர்களிடம் கொடுங்கள். அடுத்த தடவை சாப்பிடப் போகும்போது தோசை கொண்டுவருகிறவரிடம் எந்த ஊர், எத்தனை வருடமாக இங்கே, முதலில் எந்தக் கடையில் நின்றீர்கள் என்று கேட்டு, அவர் சம்மதித்தால் அதையும் எழுதி வையுங்கள்.